உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று

புத்தாண்டு அன்று காலை, ஆண்டு முழுதும் அதிர்ஷ்டம் வரும் என்று அன்றைக்குச் சாப்பிடும் காராமணி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போதே வெர்லீன் தன் முடிவை வீட்டாரிடம் சொல்லிவிட்டாள். இந்த ஆண்டு மேசையில் மேடு மட்டும்தான். பள்ளம் கிடையாது.

சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்த அவள் தம்பி தியோடிஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பா போட்ட விதி அக்கா அது. அதுக்குத் திருத்தம் போட நீ யாரு?"

"அப்பா இருந்த காலத்துல இந்த மேசைக்குச் சம்பந்தி வந்து உட்காரல. எனக்கு இன்னிக்கு வர்றாங்க. மாவைக் கலக்கு."

அப்பா எலைஜா கொத்தனார். சைப்ரஸ் கிரீக் ஊரில் கறுப்பர் தெருக்களில் நிற்கிற செங்கல் வீடுகளில் பாதி அவர் கை வைத்தவை; இந்த வீடும் அவர் கட்டியதுதான். புத்தாண்டு விருந்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தட்டில் காராமணிச் சோறு விழும் முன்னால், போன ஆண்டில் தான் ஏறிய மேடு ஒன்றையும் விழுந்த பள்ளம் ஒன்றையும் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். மேட்டை உட்கார்ந்துதான் சொல்லவேண்டும். பள்ளத்தை எழுந்து நின்று சொல்லவேண்டும். பெருமையை நின்று சொன்னால் அது பீற்றல், சறுக்கலை உட்கார்ந்து சொன்னால் அது புலம்பல் என்பார் எலைஜா. கேட்பவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. "கேட்டோம்" என்று சேர்ந்து ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அடுத்தவர் பள்ளம் வாசல் தாண்டி வெளியே போகவும் கூடாது.

அவர் போன பிறகு மேசையின் தலைமாட்டில் வெர்லீன் உட்கார்ந்தாள். விதியை ஒரு நூல் பிசகாமல் நடத்தினாள். அவள் சொல்லும் பள்ளம் மட்டும் எப்போதும் சின்னதாகவே இருக்கும். ஒரு வருடம் கேக் கருகியது. ஒரு வருடம் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று தாமதமாய்ப் போனது. அக்காவின் பள்ளத்தில் இறங்கினால் கணுக்கால்கூட நனையாது என்று தியோடிஸ் வருடந்தோறும் சொல்லுவான். அவள் காதில் விழாதது போல் சோற்றைப் பரிமாறுவாள்.

இந்த ஆண்டு விஷயம் வேறு. மகள் ஜெனீவாவை அவள் காதலன் குவின்டன் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள். ஆனால் அவள் விரலுக்கு வரவேண்டிய மோதிரம் குவின்டனுடைய பாட்டியின் மோதிரம். அது அவன் தாயார் யூடோரா பெயின்ஸிடம் இருந்தது. சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய குடும்பம். பெண் வீட்டு மேசையில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்த பிறகே மோதிரத்தை எடுத்துத் தருவேன் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். வெர்லீனுக்கு அதில் குறை தெரியவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். மோதிரம் இன்று கைப்பையில் வருகிறது. பிடிக்காவிட்டால் அதே கைப்பையில் திரும்பிப் போகும்.

அதனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவள் ஒரு வாரமாக யோசித்திருந்தாள். மகன் ரெனார்ட் இலையுதிர் காலத்தில் மாவட்ட மன்றத் தேர்தலில் நின்று தோற்றான். சும்மா தோற்கவில்லை, சொந்தத் தெருவிலேயே வாக்கு விழாமல் தோற்றான். அதைச் சார்ல்ஸ்டன்காரி முன்னால் நின்று சொல்லவேண்டுமா? ஜெனீவா கோடையில் வேலையை விட்டு, இரண்டு மாதம் வீட்டில் இருந்து, வேறு மருத்துவமனையில் சேர்ந்தாள். அதையா சொல்வது? தியோடிஸுக்கோ வாயில் பூட்டே கிடையாது. மீன் பிடிக்கும்போது பல்செட்டை ஏரியில் தவறவிட்டதை அவன் நின்று, நடித்து, கை நீட்டிக் காட்டியே சொல்லுவான்.

"உன் முழங்கால் எப்படி இருக்கு அக்கா?" என்று தியோடிஸ் ரொட்டிச் சட்டியை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே கேட்டான். "தேர்தல் முடிஞ்சதுலேர்ந்து கோவில்ல ஆளுங்களை உக்கார வெக்கிற சேவைக்கு நிக்க முடியலன்னியே. விடிஞ்சதுலேர்ந்து இந்தச் சமையல்கட்டுல ஓடிக்கிட்டிருக்கே."

"சமையல்கட்டுத் தரை சமமா இருக்கு" என்றாள் வெர்லீன்.

நண்பகலுக்குச் சற்று முன் கார் வந்து நின்றது. யூடோரா பெயின்ஸ் ஊதா நிறத் தொப்பியும் அதற்கேற்ற கோட்டுமாய் இறங்கிப் படியேறி வந்தாள். வெர்லீன் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். அந்த அம்மாள் வரவில்லை. குளிர்காற்றில் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என் மகன் முதல்ல வரட்டும். வருஷப் பிறப்பன்னிக்கு ஒரு வீட்டு நிலைப்படியைப் பொம்பளை முதல்ல தாண்டினா அந்த வீட்டு வருஷம் என்ன ஆகும்? அந்தப் பழியை நான் சுமக்க மாட்டேன்."

குவின்டன் காரின் பின்பக்கத்திலிருந்து கேக்கை எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வரும்வரை அவள் அசையவில்லை. அவன் வலது காலை உள்ளே வைத்த பிறகுதான் வந்தாள். வெர்லீனுக்கு அந்த நிமிஷத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் பயம் அதிகமாயிற்று. விவரம் தெரிந்தவள். எதையும் இவள் கண்ணிலிருந்து மறைக்க முடியாது.

மேசையில் எல்லாம் முறையாய் இருந்தது. காராமணிச் சோறு, கீரை, தியோடிஸ் இரவெல்லாம் புகையில் வாட்டிய பன்றித்தொடை, சோள ரொட்டி. வெர்லீன் ஜெபம் சொன்னாள். பிறகு ஜெனீவாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஜெனீவா தன் மேட்டைச் சொன்னாள். புதிய மருத்துவமனையில் இரவுப் பிரிவு முழுதும் இப்போது அவள் பொறுப்பில். சொல்லி முடித்ததும் பழக்கத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது, பாதி எழுந்துவிட்டாள். தாயின் கண் அவள்மேல் விழுந்தது. பாவாடையைச் சரிசெய்வதுபோல் மறுபடி உட்கார்ந்தாள்.

தியோடிஸ், சந்தையில் தன் பன்றித்தொடைக்குக் கிடைத்த முதல் பரிசைச் சொன்னான். அவன் நாற்காலியும் கீச்சிட்டது. "பல்லு..." என்று தொடங்கி, அக்காவைப் பார்த்து, "பல்லுக்கு மெத்துன்னு இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க" என்று முடித்தான்.

குவின்டனுக்கு இந்தத் திருத்தத்தை, அவன் காரிலிருந்து இறங்கும்போதே ஜெனீவா காதில் ஓதியிருந்தாள். அவன் ஜெனீவாவைத்தான் தன் மேடு என்றான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவன் அம்மா சிரிக்கவில்லை.

கடைசியில் ரெனார்ட். "ஒரு பருவம் முழுக்க இந்த ஊர்ல எல்லா வேலியிலயும் என் பேர் தொங்குச்சு" என்றான். "அது நல்லா இருந்துச்சு." அவனும் எழுந்தான். மற்றவர்களைப்போல் பாதி அல்ல, முழுதாக எழுந்து நின்றான். வெர்லீன் சோற்றுக் கரண்டியை எடுத்து, "உட்காருப்பா, ஆறுது" என்றாள். அவன் தாயை ஒரு கணம் பார்த்தான். பிறகு உட்கார்ந்து துண்டை மடியில் விரித்துக்கொண்டான். அந்தப் பார்வை வெர்லீனின் நெஞ்சில் ஊசிபோல் இறங்கியது.

"மிஸஸ் கேட்ஸ்டன்" என்று வெர்லீனை அழைத்தாள் யூடோரா. தட்டை நீட்டவில்லை. "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க, மிஸஸ் பெயின்ஸ்."

"போன வருஷம் என் மகன் இந்த மேசையில நின்னுதான், தேர்வுல தோத்துப்போனதைச் சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்லாததை இங்க சொல்லியிருக்கான். அப்புறம் வீட்டுக்கு வந்து என்கிட்டயும் சொன்னான். இந்த வீட்டுல மேட்டை உட்கார்ந்து சொல்லுவாங்க, பள்ளத்தை நின்னு சொல்லுவாங்கன்னான். நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், நாற்காலிங்கதான் கத்துது, ஆள் யாரும் நிக்கல."

தியோடிஸ் பன்றித்தொடையைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இந்தக் குடும்பத்துல இந்த வருஷம் யாருக்கும் ஒரு சறுக்கலும் இல்லன்னா, என் மகனை இங்க விட எனக்குப் பயமா இருக்கு. அப்படிப்பட்ட குடும்பத்தை நான் பாத்ததில்ல. இல்ல, இருந்தும் சொல்லலன்னா, என்னை வெளியாளா வெச்சிருக்கீங்க. அப்போ ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பறதுதான் எனக்கு மரியாதை."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் அவள் கை மடியிலிருந்த கைப்பையின்மேல் போய் உட்கார்ந்தது.

சமாளிக்க வெர்லீனுக்கு வழி தெரியாமல் இல்லை. விருந்தாளி முன்னால் அழுக்குத் துணியை விரிப்பது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லலாம். சிரித்து மழுப்பிக் கேக்கை வெட்டலாம். அந்த அம்மாள் பண்புள்ளவள். சாப்பிட்டு, நன்றி சொல்லி, மோதிரத்தோடு போய்விடுவாள். ஊரில் எவரும் குறை சொல்லமுடியாது.

அப்போதுதான் அப்பாவின் விதி எதற்கென்று அவளுக்குப் பிடிபட்டது. இத்தனை காலமும் அதைப் பணிவுக்கான பாடம் என்று நினைத்து நடத்திவந்திருந்தாள். அப்பாவுக்குப் பணிவு என்றால் என்னவென்றே தெரியாது. அவர் தெருவில் நடந்தால் வெள்ளைக்கார முதலாளிகளே ஒதுங்குவார்கள். தன் சறுக்கலைத் தானே நிமிர்ந்து நின்று சொல்கிறவனைப் பற்றி ஊர் சொல்ல என்ன மிச்சமிருக்கிறது? அவர் இந்தக் குடும்பத்தின் மானத்துக்குக் கட்டிய சுவர் அது. அதில் இன்று காலை செங்கல்லை உருவியவள் அவள்தான்.

வெர்லீன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். கோவிலில் ஆட்களை இருக்கைக்கு அழைத்துப்போகிற சேவைக்காரர்கள் நிற்பதுபோல், இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, நேராக நின்றாள்.

"என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள்.

தியோடிஸ் வாயைத் திறந்தான். விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"என் மகன் தேர்தல்ல தோத்தான். தெருக்காரங்க, கோவில்காரங்க, நான் கைப்பிடிச்சு இருக்கையில உக்கார வெச்சவங்க, அவங்களே அவனுக்கு ஓட்டுப் போடல. அடுத்த ஞாயித்துக்கிழமை சேவைக்குப் போட்டுக்கற என் வெள்ளைக் கையுறையைக் கழட்டிப் போதகர் மேசையில போட்டுட்டு வந்தேன். நான் இல்லாம எப்படி நடத்துறாங்கன்னு பாக்கலாம்னு வந்தேன். நல்லாத்தான் நடத்துறாங்க. எல்லாரும் நேரத்துக்கு உக்கார்றாங்க. யாராவது வந்து திரும்பி வாங்கம்மான்னு கூப்பிடுவாங்கன்னு கடைசி வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தரும் கூப்பிடல. முழங்காலுக்கு மருந்து சொல்றாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டாள். குரல் உடையவில்லை.

"தோத்தவன் மறுநாளே வேலைக்குப் போனான். தோக்காத நான்தான் ஓடி ஒளிஞ்சேன். அதுதான் என் பள்ளம்."

"கேட்டோம்" என்றார்கள் எல்லோரும். அந்தக் குரல்களில் ஊதாத் தொப்பிக்கு அடியிலிருந்து வந்த குரலும் ஒன்று.

வெர்லீன் உட்கார்ந்து ரெனார்டைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்று தோல்வியைச் சொன்னான். சுருக்கமாகச் சொன்னான், தெருவையும் மறைக்காமல் சொன்னான். ஜெனீவா கோடையைச் சொன்னாள். தியோடிஸின் பல்செட் ஏரிக்குள் போன கதைக்குக் "கேட்டோம்" சொல்ல எவராலும் முடியவில்லை; மேசை குலுங்கியது. குவின்டன் தன் சின்னப் பள்ளத்தைச் சொல்லி உட்கார்ந்தான்.

அப்புறம் யூடோரா பெயின்ஸ் கைப்பையை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்தாள். தொப்பியைக் கழற்றினாள். தொப்பி இல்லாமல் அவள் இன்னும் உயரமாய்த் தெரிந்தாள்.

"என் வீட்டுக்காரர் அட்லாண்டாவுல உடம்பு சரியில்லாத அண்ணனைப் பாத்துக்கறார்னு சார்ல்ஸ்டன் முழுக்கச் சொல்லிவெச்சிருக்கேன். அண்ணன் நல்லாத்தான் இருக்கார். இவர் வசந்த காலத்துலயே என்னை விட்டுட்டுப் போயிட்டார். இந்த வயசுல. என் மகனுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. இதை நின்னு சொல்ல ஒரு இடம் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"கேட்டோம்" என்றாள் வெர்லீன். மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்திச் சொன்னாள். எழுந்துபோய் அணைத்துக்கொள்ளக் கை துடித்தது. போகவில்லை. இரக்கத்துக்கு இந்த மேசையில் இடமில்லை. அந்த அம்மாள் அதைத் தேடி வரவுமில்லை.

யூடோரா உட்கார்ந்தாள். தொப்பியைத் திரும்ப வைத்து ஊசியைச் செருகினாள். பிறகு கைப்பையைத் திறந்து, சின்ன வெல்வெட் பெட்டியை எடுத்துச் சோள ரொட்டித் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"மேட்டை உட்கார்ந்துதானே சொல்லணும்? என் மகன் இந்த வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சான். அதுதான்."

குவின்டன் பெட்டியைத் திறக்க, ஜெனீவா அழ, தியோடிஸ் மேசைத்துண்டில் மூக்கைச் சிந்த, கொஞ்ச நேரம் ஒரே சத்தமாய் இருந்தது. மோதிரம் ஜெனீவாவின் விரலில் கணுவரை போய்ச் சிக்கிக்கொண்டது. வெண்ணெய் தடவி ஏற்றினார்கள்.

"அக்கா" என்றான் தியோடிஸ், "உன் மேட்டை நீ இன்னும் சொல்லல. ஆனா அந்தப் பள்ளம் இருக்கே, கழுத்து வரைக்கும் நனைஞ்சுது."

"மேட்டை அடுத்த வருஷம் சொல்றேன். இந்த ஞாயித்துக்கிழமை போய் என் கையுறையைத் திருப்பிக் கேக்கப்போறேன். யாரும் கூப்பிட வேண்டாம். நானே போய்க் கேக்கறேன்."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா, அடுத்த வருஷம் நின்னு சொல்றேன்."

யூடோரா இப்போதுதான் தட்டை எடுத்து நீட்டினாள். காராமணிச் சோற்றில் ஆவி அடங்கிப் போயிருந்தது.

"ஆறிப்போச்சே, சம்பந்தியம்மா" என்றாள்.

"ஆறினாலும் அதிர்ஷ்டம் அதேதான்" என்று வெர்லீன் கரண்டி நிறைய அள்ளினாள். "நல்லா நீட்டிப் பிடிங்க, சம்பந்தியம்மா."