கூப்பிடாமல் வந்தவள்

விசாரணை அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியே சுவரோரம் போட்டிருந்த நீள பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். சலவை ஆலையில் அவளுக்கு அதுதான் பெயர். ஆளின் உயரத்தைப் பார்த்து யாரோ வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அவளுடைய வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நீண்டிருக்க, மற்ற மூன்றும் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டிக் கிடந்தன. வெந்த தோல் ஆறும்போது சுருங்கி, விரல்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டுவிட்டது.

பக்கத்தில் இருந்த அவள் கணவன் அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்கு ஒன்றில் காவலாளி அவன். கை வெந்த நாளிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவன் பொறுப்பு.

"பின்னல் அவிழுதா?"

"அவிழல. ஆனா யாரோ பின்னாடி நின்னு முடியப் பிடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கு."

"ஆபீஸுக்குப் போறமேன்னு கொஞ்சம் இறுக்கிப் பின்னினேன்."

"கொஞ்சமா? கண்ணை மூடவே முடியல."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் மறுபடி மடியில் கிடந்த கைக்கே போயிற்று. அறுவை மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இறுகிய தோலை அறுத்துவிட்டு வேறு தோல் வைத்தால் விரல்கள் விரியும், தள்ளிப்போட்டால் மூட்டுகள் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் கத்தி வைத்தும் பயனில்லை. வேலையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் இழப்பீட்டு அலுவலகமே அந்தச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கை இப்படியே இருக்க வேண்டியதுதான்.

இழப்பீட்டு அலுவலகம் முதல் தடவையே கையை விரித்துவிட்டது. நெட்டைக்கு ஆலையில் கொடுத்த வேலை துணி மடிப்பது. கை வெந்ததோ ஈரத் துணியைச் சூட்டில் தேய்த்துத் தள்ளுகிற உருளையில். உருளைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, தானாகப் போய் மாட்டிக்கொண்டாள் என்று கம்பெனி சொன்னது, அலுவலகமும் அதையே எழுதிவிட்டது. அதை எதிர்த்துத்தான் இன்று மேல்முறையீடு. வேலைக்காகத்தான் அவள் அங்கே போனாள் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி இருந்தாள். அன்றைக்கு அந்த உருளையில் நின்றவள், ரேடியோ.

வாய் மூடாதவள் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வருஷமாக நெட்டையின் மடிப்பு மேசைக்கு முன்னால் நின்று உருளைக்குள் துணி விட்டவள். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். அதனால்தான் வருவாளா மாட்டாளா என்று நெட்டைக்கு ராத்திரி தூக்கமில்லை.

ரேடியோ வந்தாள். கம்பெனி வண்டியில், ஆலை சூப்பர்வைசரோடு வந்து இறங்கினாள். அவரைப் பார்த்ததும் நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ரேடியோ ஓடி வந்து அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டாள்.

"சம்பளத்தோட அரை நாள் லீவு குடுத்து வண்டியிலயே கூட்டிட்டு வந்துட்டாங்கடி! நான் என்னவோ மிரட்டுவாங்கன்னு நடுங்கிட்டு இருந்தேன். 'உள்ளது உள்ளபடி சொல்லும்மா, அது போதும்'னாரு. நல்ல மனுஷன்தான் போலிருக்கு."

சூப்பர்வைசர் தூரத்தில் நின்று நெட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்திருந்தார்.

தொழிற்சங்கத்து வக்கீல் இளைஞன். கையில் ஏகப்பட்ட கேஸ்கட்டுகள், எல்லாவற்றிலும் பாதிக் கண். ரேடியோவை ஓரமாக அழைத்துப் போனான்.

"அக்கா, ஒரே ஒரு விஷயம். துணி உருளையில சுத்திக்கிட்டப்ப நீங்க இவங்களக் கூப்பிட்டீங்க, இவங்க வந்தாங்க. அவ்வளவுதான் நமக்கு வேணும்."

"நீங்க கவலைய விடுங்க தம்பி. இவளப் பத்தி நான் சொல்றதக் கேட்டா அந்த ஆபீசரு எழுந்து நின்னு கும்பிடுவாரு."

வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினான். அவள் சொன்னதில் அவன் கேட்டதற்குப் பதில் இல்லை என்பதைக் கவனிக்கிற அளவுக்கு அவனுக்கு நேரமில்லை.

உள்ளே அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். கம்பெனி வக்கீல் ஒரு அம்மா. குரலில் தேன் ஒழுகியது. நெட்டை உட்கார நாற்காலியை அவரே நகர்த்திக்கூடக் கொடுத்தார்.

ரேடியோ சாட்சி சொல்ல ஆரம்பித்தாள். உருளையில் துணி விட இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து விட்டால்தான் சுருக்கம் விழாமல் போகும், அன்றைக்கு ஜோடிக்காரி வரவில்லை, வேறு ஆளும் போடவில்லை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மலைமாதிரி கிடந்தது. இதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. வக்கீலின் முகத்தில்கூடத் தெம்பு தெரிந்தது.

"ஒரு விரிப்போட ஓரம் மடிஞ்சு உருளையில சுத்திக்கிச்சுங்க. நான் ஒரு முனையப் பிடிச்சிருக்கேன், இன்னொரு முனை உள்ள போகுது. நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள இவ வந்து அந்த முனையப் பிடிச்சு இழுக்குறா."

"நீங்க கூப்பிட்டதும் வந்தாங்க, அப்படித்தானே?" என்றான் வக்கீல்.

"சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமே," என்றார் கம்பெனி வக்கீலம்மா, மெதுவாக.

அதிகாரி நேராக ரேடியோவைப் பார்த்தார். "நீங்க கூப்பிட்டீங்களா?"

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கூப்பிடுறதா? ஐயா, நீங்க ஒரு தடவை எங்க ஹாலுக்கு வந்து பாக்கணும். காதுக்குள்ள வாயை வெச்சுக் கத்தினாலும் கேக்காது. அங்க யாரும் யாரையும் கூப்பிடுறதில்ல. முகத்தைப் பாத்துக்கிட்டுத்தான் வேலை செய்வோம். அதுலயும் இவ இருக்காளே, என் முதுகைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா. பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட இவள நான் கூப்பிட்டதில்லைங்க. அவசியமே வந்ததில்ல!"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தான். நெட்டைக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் வக்கீலின் கையைப் பார்த்தாள், அந்தப் பெருமை வடிந்துபோனது.

கம்பெனி வக்கீலம்மா எழுந்தார். "ரொம்ப நல்ல சிநேகிதி உங்களுக்கு."

"கூடப் பிறந்தவ மாதிரிம்மா."

"உருளை அவங்க வேலை இல்லையே. இருந்தும் ஏன் வந்தாங்க?"

"மனசுதாம்மா. அவ வேலை மடிக்கிறதுதான். வேற யாராவதா இருந்தா எனக்கென்னன்னு நின்னிருப்பாங்க. இவளுக்கு நான் கஷ்டப்பட்டாப் பொறுக்காது."

"அப்போ உங்க மேல இருக்கிற பாசத்துலதான் வந்தாங்க."

"பாசம்தான்! வேற எதுக்கு வருவா? கம்பெனி என்ன பட்டமா குடுக்கப் போகுது?"

சூப்பர்வைசர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

தொழிற்சங்கத்து வக்கீல் பதறிப்போய் எழுந்து, இயந்திரத்தை நிறுத்தாமல் ஏன் ஓடும்போதே துணியை இழுத்தார்கள் என்று கேட்டான். நிறுத்தினால் திட்டு விழும் என்றாள் ரேடியோ. அன்றைக்கு யார் திட்டினார்கள் என்று கேட்டார் கம்பெனி வக்கீலம்மா. அன்றைக்கு யாரும் திட்டவில்லை, சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார் என்று ரேடியோ உள்ளது உள்ளபடியே சொன்னாள்.

அதிகாரி நெட்டையின் பக்கம் திரும்பினார். "உங்கள அங்க போகச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கணவனின் கண் கெஞ்சியது. ஆனால் ஆமாம் என்றால் ரேடியோ பொய் சொல்கிறாள் என்றாகிவிடும். அவளோ இன்னும் முகம் மலர்ந்து, தன் சிநேகிதியின் அருமை ஊருக்கே தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றாள் நெட்டை. "துணி சுத்துச்சு. போனேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது கம்பெனித் துணிதானுங்க. அவ வீட்டுத் துணி இல்ல," என்றாள்.

அவள் சொன்ன கடைசி வாக்கியத்தை யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தீர்ப்பு என்றார்கள். தாழ்வாரத்தில் ரேடியோவின் கால் தரையில் பாவவில்லை.

"எப்படிடி பேசினேன்? அந்த அம்மாவே உன்னை நல்ல சிநேகிதின்னு சொல்லிட்டாங்க பாத்தியா? இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

வக்கீல் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே நின்றான், கழுவி முடித்த பிறகும் இந்தப் பக்கம் வரவில்லை. கணவன் மட்டும் போய் மூன்று டீ வாங்கி வந்தான். நெட்டை இடது கையால் கோப்பையை வாங்கி, மடங்கிய விரல்களின் முதுகில் வைத்துத் தாங்கிக் குடித்தாள்.

தீர்ப்பைப் படிக்க அதிகமாக நேரம் பிடிக்கவில்லை. காயம் பட்டது உண்மை, வேதனைக்குரியது. ஆனால் மேல்முறையீட்டாளரை யாரும் பணிக்கவில்லை, அழைக்கவுமில்லை. அவருடைய சொந்தச் சாட்சியே கூறியபடி, சக ஊழியர் மீது கொண்ட தனிப்பட்ட பாசத்தினால் தானாகச் சென்றிருக்கிறார். பாசத்தினால் செய்தது பணியாகாது. முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது.

'பாசம்' என்ற வார்த்தை வந்தபோது ரேடியோ சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அதற்கு அடுத்த வார்த்தைகள் காதில் விழ விழ, அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே வந்ததும் நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லதுதானேடி சொன்னேன்? பொய் ஒண்ணும் சொல்லலையே?"

நெட்டைக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. பாவி, ஒரே ஒரு நாள் வாயை மூடியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு கொதித்தது. அவளைத் தவிர இந்த ஊரில் தன்னை இவ்வளவு நல்லவள் என்று யார் சொல்லியிருப்பார்கள் என்றும் தோன்றியது.

"நல்லதுதான் சொன்ன," என்றாள்.

சூப்பர்வைசர் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தார். "வாம்மா, ரெண்டாவது ஷிப்டுக்கு நேரமாச்சு. ரொம்ப நேர்மையாப் பேசின. மேல சொல்றேன்." ரேடியோ ஒன்றும் சொல்லாமல் ஏறினாள். அவள் பேசாமல் வண்டி ஏறியதை நெட்டை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றான் வக்கீல், எவ்வளவு நாளாகும் என்று கணவன் கேட்டதற்கு மட்டும் மென்று விழுங்கினான். விரல் மூட்டுகள் அதுவரை காத்திருக்காது என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. கணவனும் மனைவியும் கல்மேடையில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு பெண் பெரிய துணி மூட்டையோடு நின்றிருந்தாள். தையற்கடைக்குக் கொண்டுபோவாள் போலிருக்கிறது. பஸ் வந்து நின்றது, அவர்கள் போகும் பஸ் இல்லை. அந்தப் பெண் மூட்டையைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தாள். அது பாதியில் சரிந்தது. முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல், திரும்பி நெட்டையின் முகத்தைப் பார்த்தாள்.

கணவன் சட்டென்று எழுந்தான். நெட்டை இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உக்காருங்க."

"பாவம், விழப்போகுது..."

"அவங்க உங்களக் கூப்பிடல," என்றாள் நெட்டை.

அவன் அவளைப் பார்த்தான். உட்கார்ந்தான். மூட்டை நழுவித் தரையில் விழுந்தது. கண்டக்டர் விசில் அடிக்க, பஸ் கிளம்பிப் போயிற்று. அந்தப் பெண் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள், இவர்கள் இருந்த பக்கம் மறுபடி திரும்பவே இல்லை.