படுக்கையறையிலிருந்து பினாங்கு

2006ஆம் ஆண்டு செப்டம்பர் பதினெட்டாம் தேதியிலிருந்து, மஸ்கட்டின் ரூவியில் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஜொஹராவின் படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் பினாங்குத் துறைமுகம் தெரிந்தது. முந்தைய நாள் வரை அங்கே டாக்சி நிறுத்தமும் ஒரு மலிவு ஓட்டலின் பின்சுவரும் அதற்கப்பால் மொட்டை மலையும்தான் இருந்தன. சமையலறைச் சன்னலில் இப்போதும் அவைதான். படுக்கையறையில் மட்டும், காக்கை பறக்கும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. லாரிகளை ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடக்கும் படகுகள், பழைய கோட்டை, மணிக்கூண்டு, கடலுக்குள் காலூன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகள், பள்ளிவாசலின் குவிமாடம், எல்லாவற்றுக்கும் பின்னால் பச்சை மலை, அதில் ஊர்ந்து ஏறும் ரயில். பினாங்கு நேரம் மஸ்கட்டைவிட நான்கு மணி முந்தியது என்பதால் பகல் மூன்றரைக்கே அந்த அறை இருட்டிவிடும். ஜொஹரா விளக்கைச் சீக்கிரம் போடப் பழகிக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சரசு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்காவது கடல் தெரியுது. எங்க சன்னல்ல ஏசி மிசினத் தவிர ஒண்ணும் தெரியல" என்றாள்.

ஜொஹராவின் கணவர் மக்தூம் கீழக்கரைக்காரர், ரூவியில் கைலிக்கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க வருடத்தில் இரண்டு முறை பினாங்கு போய் இரண்டு வாரத்தில் திரும்புவார். அந்த ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி போனவர் திரும்பவில்லை. சரக்கு சுங்கத்தில் நிற்கிறது என்று வியாழக்கிழமைகளில் தொலைபேசியில் சொன்னார். டிசம்பரில் அந்த எண்ணும் அணைந்துபோனது. அதற்குள் ஜொஹரா அவரைக் கண்டுபிடித்திருந்தாள். நவம்பரில் ஒரு நாள், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், இடது தோள் தாழ்ந்த ஒரு வெள்ளைச் சட்டை ரொட்டிப் பொட்டலத்துடன் நடந்து போய் நீலக்கதவு போட்ட ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது கைலிக்கு மாறியிருந்தது. ஒருவர் கால்சட்டையோடு போன வீட்டில் கைலிக்கு மாறுகிறார் என்றால் அது அவருடைய வீடு. ஜொஹராவை உலுக்கியது அதுவல்ல. தனக்கு அதிர்ச்சி வரவில்லை என்பதுதான். இத்தனை வருடமாகத் தனக்குள் ஒருத்தி இதைத் தெரிந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவளோடு ஒரே படுக்கையில்தான் படுத்திருந்தோம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து சொத்தைப் பல்லை நாக்கால் தொடுவதுபோல அந்தச் சன்னலுக்குப் போய்வந்தாள். மக்தூமுக்குத் தொந்தி போட்டிருந்தது. பதினைந்து வயது மகள் நஜீஹாவுக்கு வாப்பாவைப் பார்க்க நேரமில்லை, அல்லது பார்க்க விருப்பமில்லை. "உம்மா, கர்ட்டனப் போடுங்க. ஹார்ன் சத்தத்துல மேத்ஸ் ஓடல" என்பாள். மார்ச் முதல் தேதி அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்குகிறது.

ஜனவரியில் சரசு ஒரு செய்தியோடு வந்தாள். அவள் கணவருக்கு விசா வேலைகள் பார்க்கும் அலுவலகத்தில் வேலை. "அக்கா, நூத்தியெம்பது நாளு வெளியவே இருந்துட்டா அண்ணன் விசா கட்டாயிரும். ஒங்க ரெண்டு பேரு விசாவும் அவருதுலதான் தொங்குது. அவருக்கு கலாஸ்னா ஒங்களுக்கும் கலாஸ்." இருவரும் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார்கள். நூற்றெண்பதாவது நாள் பிப்ரவரி இருபத்தொன்றில் போய் நின்றது.

ஜொஹரா சன்னலில் நின்று கூப்பிடத் தொடங்கினாள். "என்னங்க" என்றாள். அது பினாங்கில் தமிழர்கள் கடை வைத்திருக்கும் தெரு. நாற்பது ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு பயம். மக்தூம் மட்டும் நிமிரவில்லை. இருபத்தைந்து நாட்கள் இப்படிப் போயின. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, அவர் நீலக்கதவை விட்டு வெளியே வந்த நேரம், வீட்டில் வழக்கமாக அழைப்பதுபோல "நஜீஹா வாப்பா" என்றாள். அவர் உடனே நின்றார். ஆனால் கதவுப் பக்கம் திரும்பி, "வாரேன் புள்ள, இப்பத்தான வெளிய வந்தேன்" என்றார். கதவுக்குள்ளிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து அவர் விரலைப் பிடித்தாள். மூத்த பெண்ணுக்கு வாப்பாவின் தாய் பெயரை வைப்பது மக்தூமின் குடும்ப வழக்கம். அவர் இரண்டு வீட்டிலும் வழக்கத்தை மீறவில்லை.

ஜொஹரா கட்டிலில் உட்கார்ந்தாள். பதினைந்து வருடமாக அவரை வேறொருவர் வழியாகத்தான் கூப்பிட்டு வந்திருக்கிறோம், அந்த வழியும் இப்போது தன்னுடையது மட்டுமல்ல என்று நினைத்தாள். எழுந்துபோய்ச் சன்னல் கம்பியைப் பிடித்தாள். அவர் ரொட்டி வாங்கிக்கொண்டு சிறுமியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"மக்தூம்."

குரல் பெரிதாக இல்லை. அவர் நிமிர்ந்தார். ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஜொஹரா... பேரச் சொல்லியா கூப்புடுறே?"

"சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு நாளுதான். ஏர்போர்ட்டுல முத்திரை விழுந்தாப் போதும். புள்ள பரீட்சை எழுதணும்."

"சன்னலச் சாத்து. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். வர்றீங்களா, இல்லையா?"

அவர் சிறுமியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இருபதாம் தேதி நீலக்கதவு திறக்கவே இல்லை. ஜொஹரா தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. பின்னிரவில்தான் கண்ணயர்ந்தாள். இருபத்தொன்றாம் தேதி பகலில் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரி மட்டும் வந்து துணி உலர்த்தினாள். கொடியில் வெள்ளைச் சட்டை இல்லை. அன்று இருட்டும் நேரத்தில், ரூவியின் இருட்டில், அழைப்புமணி அடித்தது. கடவுச்சீட்டில் 21 என்று விழுந்திருந்த முத்திரையை ஜொஹரா முதலில் பார்த்தாள். அதன்பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

தேர்வு முடியும்வரை மக்தூம் இருந்தார். கூடத்தில்தான் படுத்தார். தன் பினாங்கு வாசலை மேலிருந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நஜீஹா தேறினாள். அதன்பிறகு ஒவ்வொரு ஐந்தரை மாதத்துக்கும் ஜொஹரா சன்னலைத் திறந்து ஒரு முறை பெயர் சொல்வாள், அவர் வருவார். என்னங்க என்பதற்கு அவள் திரும்பிப் போகவில்லை. 2008இல் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் வீட்டுக்கார அர்பாப், கடல் பார்த்த அறை என்று அதில் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டே படுக்கையறைச் சன்னல் கொடியிலிருந்து மகளின் பழைய சட்டை ஒன்று தவறிக் கீழே விழ, மறுவாரம் அந்தச் சிறுமி அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றாள். அடுத்தடுத்து இன்னும் சில சட்டைகள் தவறி விழுந்தன. பினாங்கில் மழை பெய்யும் நாட்களில் மட்டும் ஜொஹரா துணியைச் சமையலறைச் சன்னலில் காயப்போட்டாள்.