பாலத்தடியில் துணி துவைத்தவள்

கொக்கு என்கிற பழைய விமானி சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கியதுமே, அவள் தன் தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பழைய படைப்பிரிவுக் குடும்பங்கள் வருடா வருடம் கூடுகிற இந்தக் கூட்டத்தில், போன வருடம் இதே பாலத்துக் கதைக்கு ஒரு டம்ளரும், அதற்கு முந்தின வருடம் ஒரு முழு சூப் கிண்ணமும் பலியாகியிருந்தன. விமானப்படையில் இருந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டால் வாயும் சேர்ந்து அடைத்துப்போகும். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை ஒட்டவைத்து, வலது கை ஒரு விமானம், இடது கை இன்னொரு விமானம் என்று பறக்கவிட்டுத்தான் அவர்களால் கதை சொல்ல முடியும். கொக்குவின் கதையில் முன்னால் போகும் வலது கை எப்போதும் அவள் கணவர். ஒரு சாண் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடது கை, கொக்கு.

கொக்கு என்பது படைப்பிரிவில் வைத்த பெயர். நீண்ட கழுத்து, தண்ணீரை ஒட்டிப் பறப்பதென்றால் பைத்தியம். அவள் கணவருக்கு முந்திரிக்கொட்டை என்று வைத்து, அது நாளடைவில் முந்திரி என்று சுருங்கியது. பொருத்தமான பெயர்தான். எந்த வரிசையிலும் முதலில் போய் நிற்பார். காரில் ஸ்டியரிங்கை வேறு யாரையும் தொடவிட மாட்டார். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆற்றுப் பாலத்தின் அடியில் விமானத்தை நுழைத்து வெளியே எடுத்தவர், அதைத் தாண்டி ஆற்றின் குறுக்கே போன மின்கம்பியில் மோதி இறந்துபோனார். பின்னால் வந்த கொக்கு அதைப் பார்த்து மேலே ஏறித் தப்பினார். எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

கதை கம்பி வரைக்கும் போகாது. "பாலத்தோட நிழல் எங்க மேல சட்டுனு விழுந்து சட்டுனு போச்சு" என்ற இடத்தில் கொக்கு கைகளை இறக்கிவிடுவார். மேசையில் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் தட்டைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் தேநீர் ஊற்ற ஆரம்பிப்பார். வருடா வருடம் நடப்பதுதான்.

இந்த வருடம் அவளுக்கு வேறு ஒரு காரியமும் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் கொக்கு ஒரு வீட்டைக் காட்டக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "மிச்ச காலத்துக்கு ஒண்ணா இருந்துடலாமான்னு யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டார். பையனைப் பள்ளியில் சேர்த்தது, கூரை ஒழுகியபோது ஆள் பிடித்தது, அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி தொடங்கியபோது அலுவலகம் அலுவலகமாக அலைந்தது எல்லாம் அவர்தான். கேட்ட நாளிலிருந்து அவளை 'அண்ணி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் புரியாமல் 'இங்க பாருங்க', 'கேட்டீங்களா' என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், பிடித்தும் இருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு இன்றைக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் புதுப்பெண் கேட்டாள். இளம் அதிகாரி ஒருவருக்குப் போன மாதம் மனைவியானவள், கூட்டத்துக்குப் புதிது. தட்டைப் பார்க்க வேண்டிய நேரம் இது என்று அவளுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

"அங்கிள், அவ்வளவு வேகத்துல போகும்போது கீழ என்னதான் தெரியும்? எல்லாம் கோடு கோடாத்தானே தெரியும்?"

"யாரும்மா சொன்னா? எல்லாம் தெரியும்" என்றார் கொக்கு. "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, முழங்கால் தண்ணியில நின்னு போர்வை துவைச்சுக்கிட்டிருந்தா. நேரா என்னையே பார்த்தா. ஓடுவான்னு நினைச்சேன், ஓடல. போர்வையைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டு அப்படியே தண்ணியில உக்காந்துட்டா!"

மேசை கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கோ சிக்கிக்கொண்டது.

இத்தனை வருடங்களில் இந்தத் துணி துவைக்கிற பெண் கதையில் வந்ததே இல்லை. அதனால் மட்டும் ஒன்றுமில்லை. கொக்கு ரீல் விடுவதில் மன்னன். முதல் வருடம் ஐம்பது அடி உயரத்தில் பறந்தவர்கள், பிறகு முப்பதுக்கு இறங்கி, இப்போதெல்லாம் தண்ணீர் தெறித்துக் கண்ணாடி நனைகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் புதிதாக ஒன்றை அவிழ்த்துவிடும் முன்னால் கொக்கு தொண்டையைச் செருமுவார். அது அவருக்கே தெரியாத பழக்கம். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறவளுக்கு அத்துப்படி. இன்றைக்குச் செருமவில்லை. போர்வையும் பெண்ணும் தானாக வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தார்கள். அதுவும் போகட்டும், அதைச் சொல்லும்போது அவள் கணவரான வலது கை எப்போதோ மேசைக்கு இறங்கி முள்கரண்டியை எடுத்திருந்தது. இடது கை மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தது.

அவள் வேலையே அடுத்தவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனிப்பதுதான். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களின் கை காலை அவள் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பாள். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். இதை முதலில் சொல்லிக்கொடுத்தது கணவர்தான். தாழப் பறக்கும் பயிற்சி முடிந்து வருகிற நாட்களில் "இன்னைக்கு எங்க போனீங்க? ஆறா, மலையா?" என்று கேட்பாள். தலைவராக முன்னால் போன நாளென்றால் விலாவாரியாகச் சொல்வார். எந்தத் தோப்பில் எந்த மரம் மொட்டையாக நின்றது என்பது வரைக்கும். நம்பர் டூவாகப் பின்னால் போன நாளென்றால் கையை விரிப்பார். "ஆறா மலையான்னு எனக்கென்ன தெரியும்? முன்னாடி போறவன் ரெக்கையைத் தவிர நான் ஒண்ணும் பார்க்கல. கம்பி, மரம், மேடு எல்லாம் பார்க்க வேண்டியது அவன். நான் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினேன்னா அவன் மேலயே போய் ஏறிடுவேன்."

அப்படியானால், பின்னால் வந்த கொக்கு அந்தப் பெண்ணை எப்படிப் பார்த்தார்? அதுவும், அவள் இவரை நேராகப் பார்த்ததை?

சீச்சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நல்லது நடக்கப்போகிற நேரத்தில் நொட்டை தேடுகிற மனசு. இத்தனை வயதுக்கு மேல் ஒருவரோடு வாழப் பயந்துகொண்டு, சாக்கு தேடுகிறேனோ? அன்றைக்கு ஒரு நொடி கண்ணைத் திருப்பியிருக்கலாம். வேறொரு நாள் பார்த்த பெண்ணை இந்தக் கதையில் கொண்டுவந்து நட்டிருக்கலாம். இப்படி ஆயிரம் சமாதானம் சொல்லியும் மனசு குரங்காக அந்தப் போர்வையையே பிடித்துத் தொங்கியது.

கை கழுவும் இடத்தில் அந்தக் காலத்துப் படைப்பிரிவுத் தலைவர் நின்றிருந்தார். இப்போது காது கொஞ்சம் மந்தம். அவள் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"அண்ணே, அந்த மாதிரிப் பயிற்சியில போகும்போது ஒருத்தர் முன்னாடி, வரும்போது இன்னொருத்தர் முன்னாடின்னு இடம் மாத்திக்குவீங்க இல்ல?"

"ஆமாம்மா. ரெண்டு பேரும் பழகணுமே. கையைக் காட்டினா போதும், ரேடியோகூட வேண்டாம்."

"அன்னைக்குத் திரும்பி வரும்போதுதானே அந்தப் பாலம்?"

"திரும்பும்போதுதான். ஆனா உங்க வீட்டுக்காரர் முன் இடத்தைக் குடுக்கல. கொக்கு கேட்டானாம், முடியாதுன்னு கையை ஆட்டிட்டாராம். முந்திரியாச்சே! விசாரணையில அப்படித்தானே சொன்னான்."

"வேற யாராச்சும் பார்த்தாங்களா?"

"மேல யாரும்மா இருக்கா பார்க்க?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், இப்ப என்ன?"

"சும்மாதான்" என்று குழாயை மூடினாள்.

முந்திரியாச்சே. அந்த ஒரு வார்த்தைதான் எல்லோரையும் நம்பவைத்தது. அவளையும். ஸ்டியரிங்கை விடாத மனிதர் முன் இடத்தை மட்டும் விட்டிருப்பாரா என்று அவளே விசாரணைக்கு வந்தவர்களிடம் அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எவனாவது பாலத்துக்கு அடியில் புகுந்து விளையாடுவானா என்று பதினெட்டு வருடமாக, சுவரில் மாட்டிய படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். பையன் பள்ளியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது 'அவசரப்பட்டு இறந்துவிட்டார்' என்று ஒரே வரி எழுதினான். அவள் அதைத் திருத்தவில்லை. அந்தக் கோபம் இல்லாவிட்டால் அத்தனை வருடம் அவளால் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. அன்றைக்கு முன்னால் போனது கொக்கு என்றால், அது ஆள் மாறிய கோபம் அல்லவா? செத்தவரிடம் மன்னிப்பு கேட்க எந்த வாசலில் போய் நிற்பது?

"இங்க பாருங்க, கிளம்பலாமா?" என்று கொக்கு வந்து நின்றார். முகத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பரபரப்பு. சட்டையில் குழம்புக் கறை. அதைக் கைக்குட்டையால் மறைக்கப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததில் எரிச்சலாகவும் இருந்தது.

"உங்க வண்டியை இங்கயே விட்டுட்டு என்கூட வந்துடுங்களேன்" என்றார்.

"வேண்டாம். நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுக்குப் பழக்கமில்லாத பகுதி. சிக்னலுக்கு முன்பே கொக்கு வேகமாகத் திரும்பினார். நடுவில் ஒரு வேனை நுழையவிட்டால் தவறவிட்டுவிடுவோம் என்று அவளும் ஒட்டிக்கொண்டே போனாள். சாம்பல் நிறக் கார், இடது பக்க விளக்கில் சின்ன விரிசல், பின் கண்ணாடியில் பாதி உரிந்த ஒரு ஸ்டிக்கர். பிரேக் விளக்கு எரிந்தால் இவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அவர் வலது பக்கம் திரும்பினால் இவளும் திரும்பினாள். ஒரு மேம்பாலம் ஏறினார்களா, இல்லை பக்கத்திலேயே போனார்களா? கடைத்தெருவா, குடியிருப்பா? ஒன்றும் மனதில் பதியவில்லை. தெருமுனையில் கார் நின்றபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சின்ன வீடு. முன்னால் இரும்புக் கேட், இரண்டு படி, பச்சைக் கதவு. கொக்கு இறங்கி, இருப்புக்கொள்ளாமல் கேட்டைத் திறந்துபிடித்தார். அவள் இறங்கி வந்தாள்.

"வீட்டை விடுங்க, அந்தத் தெருவுக்காகவே புடிச்சேன்" என்றார். "எப்படி இருந்துச்சு?"

"எந்தத் தெரு?"

"என்ன எந்தத் தெருவா? இப்ப வந்தோமே! அரை மைலுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சப் பூவா கொட்டிக்கிடந்துச்சே, பார்க்கலையா?"

அவள் திரும்பித் தன் காரைப் பார்த்தாள். வைப்பரின் இடுக்கில், பானெட் மேல், கண்ணாடி முழுக்க மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன. அவற்றின் ஊடாகத்தான் இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறாள்.

"நான் பின்னாடிதானே வந்தேன்" என்றாள் மெதுவாக. "உங்க வண்டியைத் தவிர எதுவும் கண்ணுல படல."

"நல்ல டீச்சர் போங்க! உங்ககிட்ட கத்துக்கிறவங்க கதி என்னாகிறது!" என்று சிரித்துக்கொண்டே கொக்கு படியேறினார். சாவிக்கொத்தில் எது என்று தேடி, ஒன்றை எடுத்து, இடது கையால் பூட்டில் நுழைத்தார். துருப்பிடித்த பூட்டு, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினார்.

"அந்தப் போர்வை என்ன நிறம்?" என்று அவள் கேட்டாள்.

"ஊதா" என்றார், பூட்டைப் பார்த்தபடியே. "ஓரத்துல வெள்ளைப் பட்டை."

தொண்டையைச் செருமவில்லை.

சாவி பாதி திரும்பி நின்றது. அவர் நிமிரவில்லை, திரும்பவும் இல்லை. அந்த நீண்ட கழுத்தின் பின்புறம் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டு வந்ததை அவள் கீழ்ப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவள் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்காமலே இறங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"இங்க பாருங்க..." என்று கொக்கு கதவிடம் சொன்னார். சாவியைப் பூட்டிலேயே விட்டு, இடது கையை எடுத்துக் கீழே தொங்கவிட்டார்.

"அண்ணி" என்றார்.