மூன்றாம் மாடித் திரை

ஓட்டலின் விளம்பரப் படத்துக்காக மூன்றாம் மாடி அறையை துப்புரவு வேலை செய்யும் அவள்தான் துடைத்து, படுக்கை விரித்து வைத்திருந்தாள். ஜன்னல் திரை மட்டும் சுருங்கிச் சுருங்கி நின்றது.

"அக்கா, திரைக்குப் பின்னால நின்னு கீழ இழுத்துப் பிடிச்சுக்கோங்க. மூச்சுகூட விடக்கூடாது," என்றார் கேமராக்காரர். ஐந்து நிமிடம் என்றவர் ஒரு மணி நேரமாக எடுத்துக்கொண்டிருந்தார். அறை வாசலில் மேனேஜர் நின்றார்.

மணி நான்கு. திறக்க முடியாத கண்ணாடிக்குக் கீழே, சாலையின் எதிர்ப்பக்கம் பள்ளிப் பையோடு மகள் வந்து நின்றாள். அம்மா வராமல் தாண்டக்கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். வண்டிகள் பறந்தன. பிள்ளை பொறுமையிழந்து ஒரு காலைச் சாலையில் வைத்தாள்.

அவள் திரையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். மகள் அண்ணாந்து பார்த்தாள். காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

வேலை போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டபோது கேமராக்காரர் கத்தினார்: "ஆகா, காத்தடிச்ச மாதிரியே இருக்கு! அப்படியே ஆட்டிக்கிட்டே இருங்கக்கா!"

"சார், என் பொண்ணு கீழ..."

"இன்னும் அஞ்சே நிமிஷம்கா."

அவள் ஆட்டினாள். விளையாட்டென்று நினைத்து, கீழே மகளும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.