பேரம் படியாத வியாழக்கிழமை

1

இந்தக் கதை சேலையூர் கேம்ப் ரோடு டீக்கடையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் போனில், "பத்து நாள் தள்ளிப் போடும்மா. சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அஞ்சு நாள்!" என்றார். ஏதோ சரக்கு டெலிவரி என்று நினைத்தேன். பேரம், அவர் மகளின் கண்ணுக்கு.

காஜா என்று பெயர் வைக்கிறேன். மேடவாக்கத்தில் செருப்புக் கடை.

2

முதல் வரி: 'அந்தப் பிஞ்சு விழிகளில் விடியல்—'

(வேண்டாம். வியாபாரி வீட்டில் வளர்ந்தவன் நான். சரக்கைவிடப் பொட்டலம் பெரிதாக இருந்தால் சந்தேகம் வரும்.)

நேராகவே சொல்கிறேன். எட்டு மாதம் நிறையாமல் ஒன்றரைக் கிலோவில் பிறந்த பிள்ளை. ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தாள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரலாம். பிறந்து முப்பது நாளுக்குள் பார்த்துவிட்டால் காப்பாற்றலாம். விட்டால் பார்வையே போகலாம். காஜா வீட்டிலோ பிரசவமாகி நாற்பது நாள் கழியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டும் வழக்கமில்லை.

3

"கண்ணைத் திறந்து என்னையே பாத்துகினு கீறா. அப்புறம் இன்னாம்மா டெஸ்ட்டு?"

"வெளியே பாத்தா தெரியாது சார்," என்றார் போனில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஏஞ்சல். "வியாழக்கிழமை கண் டாக்டர் வர்றாங்க. அதோட முப்பது முடியுது."

"நாற்பது முடிஞ்ச மறுநாள் முத ஆளா நிப்பேன்."

"கண்ணு காத்துக்கிட்டிருக்காது சார்."

(காஜாவைக் கல்நெஞ்சக்காரர் என்று எழுதி அடித்துவிட்டேன். உள்ளங்கை அளவுப் பிள்ளையைத் தண்ணி லாரிகளுக்கு நடுவே கொண்டுபோக அவருக்கு நடுக்கம். வழக்கத்தை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொண்டார்.)

வீட்டில் மனைவி ஹஃபீசா கேட்டாள்: "என்னங்க, மூணு வாரம் அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உங்க நாற்பது எங்க போயிருந்துச்சு?"

காஜா போனை எடுத்தார்.

"ஆட்டோ சொல்லுங்க. நானும் வர்றேன்."

4

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவைத் தாண்டி வந்தது அலறல்.

"கேட்டியா? இந்தத் தொண்டைக்கு மைக்கே வேணாம்," என்றார் காஜா.

முடிவு இரண்டு கைவசம் உண்டு. 'இப்போதைக்குப் பயமில்லை, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி காட்டுங்க' என்பது ஒன்று. 'ஆரம்பிச்சிருக்கு, லேசர் வெச்சுடலாம், நல்ல நேரத்துல வந்தீங்க' என்பது மற்றொன்று. எதை எடுத்தாலும் நஷ்டமில்லை. மூன்றாவது, தாமதமாக வருகிறவர்களுக்கு—

"சார், அதை எங்களுக்கு எடுத்துப் போடாதீங்க," என்கிறார் காஜா.

போடவில்லை.

கதவு திறக்கிறது. டாக்டர் சிரித்த முகம்தான். இரண்டில் எதைச் சொல்கிறார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.