கறுப்புக் கையைப் பார்க்காத குழாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்துப் பிடித்த கதை அல்ல. கேக் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது.

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விழா. கேக் சொல்லியிருந்த வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தமே இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தவருக்கு வலது மணிக்கட்டிலிருந்து விரல்கள் வரை கறுப்புக் கட்டு, உடையெல்லாம் ஈரம். உள்ளே இன்னொருத்தி முழங்கை வரை கிரீமோடு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றிருந்தாள். “மேல் அடுக்கு இன்னும் முடியல, அரை மணி உட்காருங்க” என்றார்கள். அந்த அரை மணியில் இருவரும் மாறிமாறிச் சொன்னதுதான் இது.

2

தொடங்கிப் பார்த்தது: “மனிதனுக்கும் தண்ணீருக்கும் இடையே இன்று ஒரு மின்கண் வந்து…”

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

கேக்கம்மா (தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) அலுவலக வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். மாவுக் கையோடு குழாய் திருகத் திண்டாடுகிறாளே என்று, தொடாமலே திறக்கும் குழாயைக் கணவன் பொருத்திக் கொடுத்தான். அதன் வலப்பக்கம் ஒரு சின்னக் கண். அதன் முன்னால் கையசைத்தால் தண்ணீர் வரும். மறுபடி அசைத்தால் நிற்கும். ஏற்பாடு என்னவோ அப்படித்தான். ஆனால் சோப்பை எடுக்கக் குனிந்தால் சட்டைக்கையை நனைக்கும். பளபளப்பான பாத்திரம் பக்கத்தில் நகர்ந்தால், யாரோ வந்துவிட்டதாக நினைத்துக் கொட்டித் தீர்க்கும். பூனை ஒன்று வாலை ஆட்டித் தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டது.

(அந்த வீட்டில் பூனை கிடையாது. சும்மா சேர்த்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

இனி டீச்சர். கேக்கம்மாவின் நாத்தனார், கணவனுக்கு அக்கா. மணிக்கட்டு பிசகியதால், பத்து நாள் தம்பி வீட்டில் தங்கிக் கையைத் தேற்றிக்கொள்ள வந்தவர்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில், நாலு பேர் நடுவில், “படிச்ச படிப்பை விட்டுட்டு கேக் சுடறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டவரும் அவர்தான். அதன் பிறகு இருவருக்கும் நடுவே பேச்சு என்றால் “சாப்பிட்டீங்களா”, “ஆச்சு”. அவ்வளவுதான்.

[டீச்சரைக் கொடுமைக்காரியாக எழுதிய இரண்டு பக்கங்கள் இங்கே இருந்தன. கிழித்துவிட்டேன். தன் தம்ளரைப் பிறர் கழுவக் கூடாது என்று அடம்பிடிப்பவரைக் கொடுமைக்காரி என்று எப்படி எழுதுவது?]

அந்தத் தம்ளரில்தான் வினை. இடக்கையில் தம்ளர், கட்டுப் போட்ட வலக்கையை ஆட்டுவார். குழாய் அசையாது. கேக்கம்மா வந்து ஆட்டினால் கொட்டும். தினமும் இதே கூத்து. நாலாம் நாள் டீச்சர் சொன்னார்:

“உன் குழாய்க்குக்கூட என்னைப் பிடிக்கல போல.”

“அதுக்கு ஆளெல்லாம் தெரியாதுக்கா.”

யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள் டீச்சர் பெட்டியைக் கட்டினார். நாளைக்குச் சாயங்கால பஸ் என்று தம்பியிடம் மட்டும் சொன்னார்.

4

மறுநாள் காலை, தம்பி வேலைக்குப் போன பிறகு, கேக்கம்மா மூன்றடுக்கு கேக்கில் மூழ்கியிருந்தாள் (எனக்கான கேக்!). கையைக் கழுவக் குழாயருகே போனாள். அதன் கண் சிவப்பாக மூன்று தடவை சிமிட்டி அணைந்தது.

(குளியலறையிலும் குழாய் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அந்தக் கதவின் கைப்பிடியை முழங்கை வரை கிரீமோடு நீங்கள் திறந்து பாருங்கள்.)

“அக்கா!”

மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் ஓடி வந்தார்.

“பேட்டரி போச்சு. சிங்க்குக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு. எனக்குக் கையே இல்லக்கா.”

“எனக்கு ஒண்ணு இருக்கு. நகரு.”

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு பேட்டரி, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, அழைப்பு மணியிலிருந்து ஒன்று. இடக்கையாலேயே நாலையும் செருகினார். பக்கத்துப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் குழாய் குபுக்கென்று கொட்ட, பாத்திரத்தில் பட்டுத் தெறித்த தண்ணீர் முழுக்க டீச்சர் மேல். அவர் அசரவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த குறிப்பை, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்துக்கொண்டே போனார்.

“‘கறுப்பு நிறப் பொருள்களை இக்கருவி உணராமல் போகலாம்.’”

நிறுத்தினார். தன் கைக்கட்டைப் பார்த்தார்.

“ஆறு நாளா இதுகிட்ட கெஞ்சிட்டிருக்கேன். நீதான் ஏதோ பண்ணி வச்சிருக்கேன்னு நெனச்சேன்.”

“பண்ணத் தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன்க்கா.”

ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் வெடித்ததே சிரிப்பு!

சிரித்து ஓய்ந்தபின் டீச்சர் சொன்னார்: “விடிகாலையிலிருந்து நீ நின்ன கால்ல நிக்கறத தெனமும் பார்க்கறேன். இது வேலை இல்லன்னா, நான் முப்பது வருஷம் பார்த்ததும் வேலை இல்ல. அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

கேக்கம்மா பதில் சொல்வதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான். மன்னித்துவிடுங்கள்.

5

முடிவு. டீச்சர் பஸ்ஸை விட்டுவிட்டார் என்று ஒன்று எழுதினேன்; போய்விட்டு அடுத்த வாரமே திரும்பி வந்தார் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். நான் பார்த்ததெல்லாம், கேக்கோடு வெளியே வரும்போது வாசலோரம் நின்ற பயணப் பெட்டியும், கதவு சாத்துமுன் கேட்ட டீச்சரின் குரலும்தான்:

“நாளைக்கு ஏதாவது ஆர்டர் இருக்கா?”

கேக்கம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என் இரண்டு கைகளிலும் மூன்றடுக்கு கேக், லிஃப்டும் வந்துவிட்டது. நீங்கள் வெறுங்கையோடுதானே இருக்கிறீர்கள்? கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.