வார்னிஷ் அடித்த நீதிமன்றம்

வாசல் குறுகல். ஆறு பேரும் சவப்பெட்டியை ஒருக்களித்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

"மெதுவா, சுவர்ல உரசிடப் போகுது," என்றான் டுவைட். சுவரைப் பற்றித்தான் அவன் கவலை.

லொரெட்டா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. டெக்சஸின் அந்தச் சிற்றூரில் முதல் குடியேறிகள் கட்டிய மர நீதிமன்றம் எரிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. டுவைட் கமிட்டி அமைத்து, எட்டு வருடம் முன்பு அதை அப்படியே திரும்பக் கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். இப்போது பெட்டிக்குள் கிடக்கும் அப்பா ஏமஸ் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. 'பழைய கோர்ட்ல பன்னி படுத்திருக்கும்னு எங்க தாத்தா சொல்வாரு. இவன் வார்னிஷ் அடிச்சு வெச்சிருக்கான்' என்பார்.

"அப்பாவுக்குக் கண்டாலே ஆகாத இடம்டா இது."

"ஊர்ல இதைவிட கௌரவமான இடம் ஏதுக்கா? பேப்பர்லேர்ந்து வேற வர்றாங்க."

போதகரை அழைத்துவர அவன் கிளம்பினான். தூக்கி வந்தவர்கள் சிகரெட் பிடிக்கப் பின்பக்கம் போனார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கான 'இன்று விடுமுறை' பலகையை யாரும் மாட்டவில்லை. லொரெட்டா ஜூரிகளின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அரைக்கால் சட்டை போட்ட ஒருவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அந்த ஆள் கூண்டைத் தட்டிப் பார்த்தார். பெட்டியையும் தட்டினார். லொரெட்டாவின் கறுப்பு உடையைப் பார்த்து, "நீங்க இங்க வேலை செய்றவங்களா?" என்றார்.

"இன்னைக்கு ஒரு நாள்."

"இது தூக்குல போட்டவனோட பெட்டியா?"

"ஆமா. குதிரை திருடினவன்."

அவர் குஷியாகப் படம் எடுத்தார். இவர்களுக்கு இது போதும் என்று லொரெட்டா நினைத்துக்கொண்டாள்.

"பாவம், குடும்பம் இருந்துச்சா?" என்றாள் மனைவி.

"ஒரு பொண்ணு, ஒரு பையன். பையன் உருப்படல."

"பொண்ணு?"

லொரெட்டா பெட்டியைப் பார்த்தாள். "வெளியூர்ல இருந்தா. வா வான்னு ரெண்டு தடவை போன் பண்ணாரு. வேலை இருக்குன்னுட்டா. அவரு போன மறுநாள்தான் வந்தா."

அந்தக் காலத்தில் ஏது போன் என்று அந்த ஆள் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. பெட்டி மேலிருந்த புதுப் பூக்களைப் பார்த்தாள். லொரெட்டாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க போய் வண்டில இருங்க," என்றாள் கணவரிடம்.

பிறகு பெஞ்சில், லொரெட்டாவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஹாரன் ஒருமுறை அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. அவள் எழுந்திருக்கவில்லை.